மலையடிவாரத்துச் சின்னக் கோயில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் வேல்ஸ் நாட்டின் கறுப்பு மலைப்பக்கம் இருக்கிற பட்ரிஷோ என்ற சின்னக் கோயிலின் படத்தைப் போட்டு, அதன் மரத்தடுப்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை பல ஊர்களில் இருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் மட்டக்களப்பில் மரவேலை படிப்பித்து ஓய்வுபெற்றவன். மகள் கார்டிஃப் நகரில் தாதியாக இருக்கிறாள். அங்கே போய்த் தங்கும்போதெல்லாம் இப்படிப்பட்ட கோயில்களைத் தேடிப் போவது என் வழக்கம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

படத்தில் கோபுரமும் இல்லை, மணிக்கூண்டும் பெரிதாக இல்லை. ஒரு பழைய வீடு மாதிரித்தான் தெரிகிறது. இதில் அப்படி என்ன விசேஷம்? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

வேல்ஸ் மலைநாட்டுப் பங்குக் கோயில்களில் பெரும்பாலானவை அப்படித்தான், தங்கச்சி. ஆடு மேய்த்துப் பிழைத்த சனம் கட்டியது. கையில் காசு குறைவு, ஆனால் கல் தாராளம். வயலில் பொறுக்கிய கரடுமுரடான கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்து இரண்டு மூன்று அடி தடிப்பில் சுவர் எழுப்பினார்கள். கல்லைத் தகடு தகடாகப் பிளந்து கூரையில் அடுக்கினார்கள். கோபுரம் கட்ட வசதியில்லாத இடத்தில், மேற்குச் சுவரின் உச்சியில் சின்னதாக ஒரு கூடு கட்டி அதில் ஒன்றிரண்டு மணியைத் தொங்கவிட்டார்கள். பட்ரிஷோவிலும் அப்படித்தான்.

உள்ளே இரண்டு பகுதி. மேற்குப் பக்கம் சனம் நிற்கிற மண்டபம். கிழக்குப் பக்கம், அதைவிடச் சற்று ஒடுங்கியதாக, பீடம் இருக்கிற பகுதி. மண்டபத்தைப் பராமரிப்பது ஊராரின் பொறுப்பு, பீடப்பகுதியைப் பராமரிப்பது குருவானவரின் பொறுப்பு என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஆகவே ஒரே கோயிலில் ஒரு பாதியின் கூரை நல்ல நிலையிலும் மறு பாதி ஒழுகிக்கொண்டும் இருந்ததுண்டு. பீடம் எப்போதும் கிழக்கே. கோயில் வளவில் புதைக்கப்பட்டவர்களும் கால் கிழக்கே இருக்கும்படிதான் கிடத்தப்பட்டார்கள். உயிர்த்தெழும் நாளில் எழும்பி நின்றால் கிழக்கைப் பார்க்க வேண்டும் என்ற நம்பிக்கை.

வாசல் பெரும்பாலும் தெற்குப் பக்கம். வாசலுக்கு முன்னால் ஒரு திண்ணை மண்டபம், அதன் இரண்டு பக்கமும் கல் இருக்கை. அது மழைக்கு ஒதுங்குகிற இடம் மட்டுமில்லை. கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாக்குக் கொடுத்தது அந்த வாசலில்தான். அதற்குப் பிறகுதான் பூசைக்கு உள்ளே போவார்கள். ஊர்க் கணக்கு வழக்குகளும் அங்கேதான் பேசி முடிக்கப்பட்டன.

பட்ரிஷோவில் ஒரு கூடுதல் விஷயமும் உண்டு. மேற்கு முனையில், தனி வாசலோடு, ஒரு சிறு அறை ஒட்டியிருக்கிறது. இசுயி என்ற துறவியின் நினைவாக நிற்கிற அறை அது. கீழே பள்ளத்தில் ஊற்றுக்கரையில் குடியிருந்த அவர், இரவு தங்க இடம் கொடுத்த வழிப்போக்கன் ஒருவனாலேயே கொல்லப்பட்டார் என்பது கதை. அதன் பிறகு அந்த ஊற்றுத் தண்ணீரில் நோய் தீரும் என்று சனம் வரத் தொடங்கியது. தொழுநோய் தீர்ந்த யாத்திரிகர் ஒருவர் விட்டுப்போன பொன்னில்தான் கோயில் எழுந்தது என்றும் சொல்வார்கள். ஊற்று இன்றைக்கும் இருக்கிறது. மாமாங்கத்துத் தீர்த்தத்தில் முழுகி வளர்ந்த நமக்கு அந்த நம்பிக்கை அன்னியமானதில்லை.

பீடத்துக்கும் சனத்துக்கும் நடுவே ஏன் மரத்தால் மறிக்க வேண்டும்? அதற்கு மேலே பரண் மாதிரி இருப்பது என்ன? (வாசகர், மண்டூர்)

மண்டூரில் இருந்து கேட்கிற உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். உங்கள் முருகன் கோயிலில் மூலஸ்தானத்துக்கு முன்னால் திரை தொங்குகிறது. கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு திரைக்கு உள்ளே பூசை செய்கிறார். வெளியே நிற்கிறவர்கள் கண்ணால் காணாததை மனதால் கும்பிடுகிறார்கள். வேல்ஸ் கோயிலின் மரத்தடுப்பும் அதே உணர்வில் பிறந்ததுதான். ஒரு வித்தியாசம்: இந்தத் தடுப்பின் மேற்பாதி திறந்த சாளர வேலைப்பாடு. குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் மணி ஒலிக்கும். முழங்காலில் இருப்பவர்கள் அந்த இடைவெளிகளால் எட்டிப் பார்ப்பார்கள். சாதாரண மனிதன் வருடத்துக்கு ஒரு தடவை, பாஸ்கு காலத்தில் மட்டும் நற்கருணை வாங்கிய காலம் அது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பதே அவனுக்குப் பெரிய பேறு.

மேலே இருப்பது பரண்தான். அதற்கும் மேலே பெரிய மரச் சிலுவை, ஒரு பக்கம் மாதா, மறு பக்கம் யோவான் என்று மூன்று உருவங்கள் நிற்கும். அவற்றுக்கு முன்னால் மெழுகுதிரி எரியும். பரணில் ஏறப் பல கோயில்களில் சுவரின் தடிப்புக்குள்ளேயே ஒடுங்கிய கற்படி வைத்திருக்கிறார்கள். தடுப்பு போய், பரண் போய், எங்கேயும் போகாத அந்தப் படிக்கட்டு மட்டும் சுவருக்குள் மிஞ்சிய கோயில்கள் அந்த நாட்டில் ஏராளம்.

ஏன் போயிற்று? பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் வந்தபோது சிலுவை உருவங்களை இறக்கச் சொன்னார்கள். 1561-இல் எலிசபெத் அரசியின் ஆணை, தடுப்பு நிற்கலாம், பரணை அகற்று என்றது. பட்ரிஷோவின் பரண் எப்படித் தப்பியது என்றால், அங்கே போகிற வழியைப் பார்த்தாலே விளங்கும். ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாதை, இரண்டு பக்கமும் உயர்ந்த வரம்பு, கடைசியில் மலைச்சரிவில் கோயில். ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் ஏறிவர யாருக்கும் அவசரம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி நான் மரவேலைக்காரனாகப் பேசுகிறேன். அந்தத் தடுப்பு ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓக் மரம், பெயின்ற் இல்லை, வார்னிஷ் இல்லை. ஐந்நூறு வருடத்தில் வெளிறிச் சாம்பல் நிறமாகியிருக்கிறது. குறுக்குத் தீராந்தியின் முகத்தில் ஒரு திராட்சைக் கொடி ஓடுகிறது. கொடியின் முனையில் ஒரு சிறகுள்ள நாகம், வாயால் கொடியைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. தீமை நன்மையை விழுங்கப் பார்க்கிறது என்று பொருள் சொல்வார்கள். நான் பார்த்தது உளியின் தடத்தை. இலைக்குப் பின்னால், யார் கண்ணும் எட்டாத பக்கம்கூட மரத்தைக் குடைந்து எடுத்திருக்கிறான். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கொடி தீராந்தியில் ஒட்டாமல் தனியாக நிற்பதுபோல் தெரிவது அதனால்தான்.

மூட்டுகளில் இரும்பாணி இல்லை. ஒரு துண்டின் முனையை மெலிதாக்கி, மற்றதன் துளைக்குள் இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருக்கிறார்கள். ஓக் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே வேலைக்கு எடுப்பது அங்கத்தைய வழக்கம். காய்ந்தபின் அது இரும்பு மாதிரி, உளி ஏறாது. பச்சையில் பொருத்திவிட்டால் காயக் காய மரம் சுருங்கி மூட்டு தானாக இறுகும். நாம் முதிரையையும் பாலையையும் நன்றாகக் காயவிட்டுத்தானே எடுப்போம்? அந்த ஊர் ஈரத்துக்கும் அந்த மரத்துக்கும் அவர்களுடைய முறை பொருந்துகிறது. 1908-இல் கரோ என்ற கட்டடக் கலைஞர் இந்தக் கோயிலைப் பழுதுபார்த்தபோதும் பழையதைப் பழையதாகவே இருக்கவிட்டார். அந்த மனிதருக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

தடுப்புக்கு முன்னால், நடு வாசலின் இரண்டு பக்கமும், இரண்டு கற்பீடங்கள் அப்படியே இருப்பதையும் சொல்லவேண்டும். கற்பீடங்களை உடைத்து மரமேசை போடச் சொன்ன காலத்தைத் தாண்டி அவை நிற்பது மிக அபூர்வம்.

பழைய கோயில்களில் சுவர் முழுக்கப் படம் இருந்ததாகச் சொல்கிறார்கள். இப்போது வெள்ளைச் சுவர்தானே இருக்கிறது? யார் அழித்தது? (வாசகர், அக்கரைப்பற்று)

அழித்தவர்களே காப்பாற்றியும் விட்டார்கள், நண்பரே. சீர்திருத்த காலத்தில் படங்களுக்கு மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வெள்ளைக்கு மேல் பத்துக் கட்டளைகளையும் வேத வசனங்களையும் அரச சின்னத்தையும் எழுதினார்கள். பழையது மங்கியதும் திரும்பவும் வெள்ளை, திரும்பவும் எழுத்து. இப்படி அடுக்கடுக்காக ஏறிய சுண்ணாம்புக்கு அடியில் பழைய வர்ணம் பத்திரமாக உறங்கியது.

லான்கார்வன் என்ற கிராமக் கோயிலில் 2008-இல், சுவரில் தெரிந்த ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டைப் பின்பற்றிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கத் தொடங்கினார்கள். குதிரைமேல் புனித ஜோர்ஜ், அவர் ஈட்டியால் குத்துகிற நாகம், பக்கத்தில் ஆட்டுக்குட்டியோடு இளவரசி, கோட்டையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிற ராசாவும் ராணியும் வெளியே வந்தார்கள். ஏழு தலையான பாவங்களும், அலங்காரமாக உடுத்த ஒரு வாலிபனின் கையைப் பிடித்து இழுக்கிற பிணமும் அதே கோயிலில் உண்டு. எல்லாம் பதினைந்தாம் நூற்றாண்டு வேலை.

நிறத்துக்கு அவர்கள் கடல்தாண்டிப் போகவில்லை. காவி மண்ணில் சிவப்பு, மஞ்சள் மண்ணில் மஞ்சள், கரியில் கறுப்பு, சுண்ணாம்பில் வெள்ளை.

அந்தக் காலத்துச் சனத்தின் கண்ணுக்குக் கோயில் எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் கார்டிஃப் அருகே செயின்ற் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். ஆற்றங்கரைச் சதுப்பில் கைவிடப்பட்டுக் கிடந்த புனித தைலோ கோயிலைக் கல் கல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மீண்டும் கட்டியிருக்கிறார்கள். சுமார் 1530-இல் எப்படி இருந்திருக்குமோ அப்படியே தடுப்பு, பரண், உருவங்கள், சுவர்ப்படம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து வர்ணம் தீட்டி 2007-இல் திறந்தார்கள். கதவைத் தாண்டியதும் கண் கூசும். இருண்ட, சோகமான இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த கோயில், திருவிழாக் காலத்துச் சந்நிதிபோல் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிறது.

பட்ரிஷோவின் மேற்குச் சுவரிலும் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. ஒரு கையில் அரிவாள், கூடவே மணற்கடிகாரம், மண்வெட்டி. பூசை முடிந்து திரும்புகிறவனின் கண்ணுக்கு நேரே அதை வரைந்திருக்கிறார்கள். எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் அந்தச் சிவப்பு ஊறி வெளியே வந்துவிடும் என்று ஊரார் சொல்வதுண்டு.

சனம் எதில் உட்கார்ந்தது? வாங்குகள் அப்போதே இருந்தனவா? (மாணவர், செங்கலடி)

பெரும்பாலும் உட்காரவில்லை, தம்பி. நின்றார்கள், முழங்காலில் இருந்தார்கள். நிலம் வெறும் மண். அதன்மேல் கோரைப் புல்லைப் பரப்பி, பழசானதும் அள்ளிப் புதிதாகப் பரப்பினார்கள். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் சுவரோரம் கல் இருக்கை. சீர்திருத்தத்துக்குப் பிறகு நீண்ட பிரசங்கம் வந்தது, அதோடு வாங்குகளும் பெருகின. வசதியான குடும்பங்கள் தங்களுக்கென்று கதவு வைத்த பெட்டி இருக்கைகளைச் செய்து பெயரையும் எழுதிக்கொண்டன.

மேய்ப்பர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாய்கள் சண்டை பிடித்தால் விலக்குவதற்கு ஒரு கருவி வைத்திருந்தார்கள்: குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த மரச் சட்டங்கள், கைப்பிடியை நெருக்கினால் முன்னால் நீண்டுபோய் நாயின் கழுத்தைக் கவ்வும். ஆங்கிள்சி தீவில் லானைலியன் கோயிலில் இன்றும் அது இருக்கிறது. அதே கோயிலின் மரத்தடுப்பில் ஓர் எலும்புக்கூட்டை வரைந்து, பாவமே மரணத்தின் கூர் என்ற வேதவசனத்தை வேல்ஸ் மொழியில் எழுதியிருக்கிறார்கள். நாய் இடுக்கியைச் செய்த தச்சனின் கணக்கும் சரியாக இருக்கிறது. ஒரு சட்டம் வளைந்தாலும் அது நீளாது.

திருமுழுக்குத் தொட்டி ஏன் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது? அதற்கு மூடியும் பூட்டும் எதற்கு? (வாசகி, தாண்டவன்வெளி)

திருமுழுக்கு திருச்சபைக்குள் நுழைகிற வாசல் என்பதால் தொட்டியும் வாசலோரம். பூட்டுக்குக் காரணம் வேறு. ஆசீர்வதித்த தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். அதைத் திருடிக்கொண்டுபோய்ச் சூனியத்துக்குப் பாவிக்கிறார்கள் என்ற பயம் இருந்தது. 1236-இல் கன்ரபரிப் பேராயர் எட்மண்ட், தொட்டிகளைப் பூட்டி வைக்கும்படி கட்டளையிட்டார். மூடி தொலைந்த தொட்டிகளில்கூட, விளிம்பில் பூட்டின் கொளுக்கி பெயர்ந்த காயம் தெரியும். அடுத்த தடவை படம் பார்க்கும்போது தேடுங்கள். பட்ரிஷோவின் தொட்டி கோயிலைவிடப் பழையது, பதினோராம் நூற்றாண்டு. மென்ஹிர் என்பவர் கெனிலின் காலத்தில் என்னைச் செய்தார் என்று தொட்டியே பேசுவதுபோல் விளிம்பில் இலத்தீனில் வெட்டியிருக்கிறது. ஒரு கைவினைஞனின் பெயர் ஆயிரம் வருடம் நிற்கிறது. நம் பக்கத்துக் கோயில் கதவுகளைச் செய்த ஆசாரிமாரின் பெயர்களும் அப்படி எங்காவது வெட்டப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடிய கதை ஏதாவது அந்தக் கோயில்களில் உண்டா? (ஆசிரியை, தம்பிலுவில்)

முயல் கதை சொல்லுங்கள், மகள். புரோக்வெல் என்ற பொவிஸ் நாட்டு இளவரசன் வேட்டைக்குப் போனான். நாய்கள் துரத்திய முயல் ஒரு முட்புதருக்குள் ஓடியது. அங்கே மெலாங்கெல் என்ற பெண் தனியாகச் செபித்துக்கொண்டிருந்தாள். முயல் அவளுடைய அங்கியின் விளிம்புக்குள் புகுந்து ஒளிந்தது. ஏவ ஏவ நாய்கள் பின்வாங்கின. இளவரசன் அந்தப் பள்ளத்தாக்கையே அவளுக்குக் கொடுத்து, தஞ்சம் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அது புகலிடமாக இருக்கட்டும் என்றான்.

பெனந்த் மெலாங்கெல் கோயிலின் மரத்தடுப்பில் இந்தக் கதையைச் சின்னச் சின்ன உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். நாயும் உண்டு, முயலும் உண்டு. அவளுடைய கல்லறை மாடம் பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. சீர்திருத்தத்தில் அதை உடைத்து, துண்டுகளைச் சாதாரணக் கல்லாகச் சுவரில் வைத்துக் கட்டிவிட்டார்கள். பிறகு அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கண்டெடுத்து மாடத்தைத் திரும்பவும் நிறுத்தினார்கள். கோயில் வளவு வட்டமானது, அதைச் சுற்றி யூ என்ற மரங்கள், ஆயிரம் வருடம் தாண்டியவை. பிள்ளைகள் அந்தக் காட்சியைப் படமாக வரைந்தால் எனக்கு அனுப்புங்கள்.

எங்கள் ஊர்ச் சிற்றாலயம் தாத்தா காலத்துக் கட்டடம். சுவரின் அடிப்பகுதி பொருக்கு விடுகிறது. முழுப் பூச்சையும் கொத்திவிட்டுச் சீமெந்து பூசி, நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்று கமிட்டி சொல்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (வாசகர், கல்முனை)

இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். செய்யாதீர்கள்.

வேல்ஸில் கடந்த நூற்றாண்டில் பல கோயில்கள் இதே வைத்தியத்தால்தான் கெட்டன. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் தண்ணீரை உறிஞ்சும், பிறகு காற்றில் உலரவும் விடும். சீமெந்து அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், மரத் தீராந்தியின் முனையை உளுக்க வைக்கும். அங்கே இப்போது பெரும் செலவில் சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் சுண்ணாம்பு பூசுகிறார்கள்.

நம் கரையோரத்தில் உப்பும் சேர்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவரில் ஈரத்தோடு உப்பு ஏறி, மேற்பரப்பில் பூத்து, பூச்சைத் தள்ளுகிறது. நீங்கள் காண்கிற பொருக்கு அதுதான். டைல்ஸ் ஒட்டினால் உப்பு நாலடிக்கு மேலே போய்ப் பூக்கும்; அவ்வளவுதான் மாற்றம். பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தாலும் கொப்புளம்தான் வரும்.

முதலில் வெளியே பாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? பீலி உடைந்திருக்கிறதா? முற்றத்தை உயர்த்தி உயர்த்திக் கொங்கிறீற் போட்டு, வெளித்தரை உள்தரையைவிட மேலே வந்துவிட்டதா? நான் போய்ப் பார்த்த இடங்களில் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அதைச் சரிசெய்து ஒரு மாரியும் ஒரு கோடையும் சுவரை விட்டுவிடுங்கள். பிறகு உதிர்ந்த இடத்தை மட்டும், நன்றாக ஊறிய சுண்ணாம்பும் கழுவிய ஆற்று மணலும் சேர்த்து மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பூசுங்கள். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை. ஆகவே கடையில் விற்கிற சுண்ணாம்பை வாங்கி வாரக்கணக்கில் நீரில் ஊறவையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன்மார் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால் சந்தோசமாக வருவார்கள், கூட ஓர் இளம் பொடியனையும் பழகவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய வாங்குகளையும் ஏற்றிவிடப்போவதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கோயிலில் நல்ல முதிரை வாங்குகளைப் பிளாஸ்ரிக் கதிரைக்காக விறகு விலைக்குக் கொடுத்ததைப் பார்த்து நொந்தவன் நான். உங்கள் வாங்குகளின் காலடிதான் கறையான் தின்றிருக்கும். மேற்பகுதி இன்னொரு நூறு வருடம் தாங்கும். காலை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டலாம். ஒரு சனிக்கிழமை ஆள் அனுப்புங்கள், உளியும் வாளும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அதுவரை ஒன்றையும் லொறியில் ஏற்றவேண்டாம்.